விம்பிள்டன் 1988, பப், கோப்பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இங்கிலாந்துக் கால்பந்தைப் பற்றிய பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். ஒன்று, 1988 எஃப்.ஏ. கோப்பை ஃபைனல். இன்னொன்று, எந்த ஆட்டக்காரர் எந்த ராத்திரி எங்கே குடித்தார் என்பது. கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் சில கேள்விகள் புதியவர்களுக்கு. விவரம் தெரிந்தவர்கள் நேரே பப் கேள்விக்குத் தாவிவிடலாம்.

எஃப்.ஏ. கோப்பைன்னா என்ன? லீக்குக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

லீக்கில் எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை மோதுவார்கள். வருஷம் முழுக்கப் புள்ளி சேர்க்க வேண்டும். எஃப்.ஏ. கோப்பையில் தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) 1871-72இல் தொடங்கிய போட்டி இது. யார் யாரோடு ஆடுவது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். பெரிய அணி சின்ன அணி என்று பிரித்து வைப்பது கிடையாது. லீக்கின் கடைசி அடுக்கான நாலாம் டிவிஷன் அணிக்கு நாட்டின் சாம்பியனே எதிரியாக வரலாம்.

அதனால்தான் 38 ஆட்டம் ஆடினால் எடுபடாத அணிகூட ஒரு மத்தியானம் மட்டும் நன்றாக ஆடி சரித்திரத்தில் இடம் பிடித்துவிடுகிறது.

1988 ஃபைனல்ல அப்படி என்னதான் நடந்துச்சு?

1988 மே 14, சனிக்கிழமை, லண்டனின் வெம்ப்ளி மைதானம். நல்ல வெயில். 98,203 பேர் பார்த்தார்கள். ஒரு பக்கம் லிவர்பூல்: அந்த வருஷ லீக் சாம்பியன், 40 லீக் ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்ற அணி. மறுபக்கம் அன்றைய உச்ச அடுக்கான முதல் டிவிஷனுக்கு வந்து இரண்டே சீசன் ஆன விம்பிள்டன். லீக்கையும் கோப்பையையும் ஒரே வருஷத்தில் சேர்த்து அள்ளும் 'டபுள்' லிவர்பூலுக்குக் கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

37ஆம் நிமிஷம் இடப்பக்கத்திலிருந்து டென்னிஸ் வைஸ் ஒரு ஃப்ரீ கிக்கைத் தூக்கிப் போட, லாரி சான்செஸ் தலையால் திருப்பி வலைக்குள் அனுப்பினார். இரண்டாம் பாதியில் லிவர்பூலுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்ததை விம்பிள்டன் கேப்டனும் கோல்கீப்பருமான டேவ் பீசன்ட் தட்டிவிட்டார். முடிவு 1-0. கோப்பையைப் பீசன்ட் கையில் கொடுத்தவர் இளவரசி டயானா.

விம்பிள்டனா? டென்னிஸ் நடக்குற ஊர்தானே? அங்க கால்பந்து டீம் வேற இருந்துச்சா?

இருந்தது. தென்மேற்கு லண்டனில் அதே பகுதிதான். ஆனால் டென்னிஸ் மைதானத்தின் பசும்புல்லை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கால்பந்து அணியின் பிளவ் லேன் மைதானத்தைக் கற்பனை செய்யாதீர்கள். ஒடுங்கிய, பழைய, சின்ன மைதானம். 1977 வரை அந்த அணி நாலு டிவிஷன் கொண்ட ஃபுட்பால் லீக்கிலேயே கிடையாது. நாலாம் டிவிஷனில் நுழைந்து, மேலே போய், கீழே விழுந்து, மறுபடி ஏறி, 1986இல் முதல் டிவிஷனைத் தொட்டார்கள். அங்கே முதல் சீசனில் ஆறாம் இடம், அடுத்ததில் ஏழாம் இடம். ஃபைனலில் ஆடிய ஆலன் கார்க் நாலாம் டிவிஷன் காலத்திலிருந்தே கூட இருந்தவர்.

அதற்கு முன்பும் கோப்பையில் ஒருமுறை பேர் வாங்கியிருக்கிறார்கள். 1975இல், லீக்குக்கு வெளியே இருந்தபோதே, பர்ன்லியை அதன் சொந்த மைதானத்தில் வென்று, அடுத்த சுற்றில் லீட்ஸ் யுனைடெட்டை அவர்கள் ஊரிலேயே 0-0 என்று நிறுத்தினார்கள். அந்த ஆட்டத்தில் கோல்கீப்பர் டிக்கி கை ஒரு பெனால்ட்டியைத் தடுத்தார். 1988இல் பீசன்ட் செய்ததைப் பார்த்து ஆச்சரியப்படாத பழைய விம்பிள்டன் ரசிகர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

'கிரேசி கேங்'னு அவங்களை ஏன் கூப்பிடுறாங்க?

ஆட்டமும் முரட்டுத்தனம், உடை மாற்றும் அறையும் முரட்டுத்தனம். பந்தை நடுக்களத்தில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்க மாட்டார்கள். பின்னாலிருந்து ஒரே தூக்காக ஜான் ஃபஷானுவின் தலைக்கு அனுப்புவார்கள். அவர் முட்டி விழவைத்ததை மற்றவர்கள் பாய்ந்து எடுப்பார்கள். வின்னி ஜோன்ஸ் கட்டட வேலை பார்த்துக்கொண்டே சின்ன அணியில் ஆடியவர். நியூகாசில் அணியின் இளம் காஸ்கோய்னை அவர் பின்பக்கமாகக் கையை நீட்டிப் பிடிக்கக்கூடாத இடத்தில் பிடித்திருக்கும் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். அந்த 1988ஆம் வருஷத்துப் படம்தான்.

உள்ளே நடந்த கூத்து இன்னும் மோசம். புதிதாக வந்தவரின் துணியை வெட்டுவது, கொளுத்துவது, ஆளை எங்காவது இறக்கிவிட்டுப் போய்விடுவது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் அதிகம். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை. கல்லூரியில் இதற்குப் பேர் ராகிங். தாக்குப்பிடித்தவர்கள் அண்ணன் தம்பி மாதிரி ஆனார்கள் என்பது உண்மைதான். தாக்குப்பிடிக்காமல் போனவர்களின் கதையை யாரும் மைக் பிடித்துச் சொல்வதில்லை.

கோப்பை வாங்கிய சூட்டோடு கார்க்கின் கௌரவ ஆட்டத்தில் சிலர் கூட்டத்தைப் பார்த்துக் கால்சட்டையை இறக்கிக் காட்டி, கால்பந்துச் சங்கத்திடம் அபராதம் கட்டிய கதையும் உண்டு. அது கட்டுக்கதை இல்லை, நடந்தது.

ஃபைனலுக்கு முந்தின ராத்திரி டீமே பப்புக்குப் போச்சாமே, நிஜமா?

நிஜம். மேனேஜர் பாபி கூல்டும் ஆட்டக்காரர்களும் வெவ்வேறு சமயங்களில் சொன்னது இந்த விஷயத்தில் ஒத்துப்போகிறது. ஓட்டலில் தங்கியிருந்த ஆட்டக்காரர்கள் மறுநாளை நினைத்து இருப்புக்கொள்ளாமல் அலைந்தார்கள். அறைக்குள் பூட்டிவைத்தால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார்கள் என்று கூல்டுக்குத் தெரிந்தது. கையில் பணத்தைக் கொடுத்துப் பக்கத்துப் பப்புக்கு அனுப்பிவைத்தார்.

கதை வீங்குவது இதற்குப் பிறகுதான். 'ஒரு பீர் குடித்தார்கள்' என்பது சொல்லச் சொல்ல 'விடிய விடியக் குடித்தார்கள்' ஆகி, கடைசியில் 'தள்ளாடிக்கொண்டே வெம்ப்ளிக்கு வந்தார்கள்' என்று முடிகிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு இங்கிலாந்தில் பப்புகள் ராத்திரி 11 மணிக்கு மணியடித்துக் கடைசி ஆர்டர் வாங்கிவிடும். மறுநாள் மூன்று மணி வெயிலில் லிவர்பூலுக்குப் பின்னால் 90 நிமிஷம் ஓடியவர்கள் இவர்கள். முந்தின ராத்திரி மூக்கு முட்டக் குடித்த காலோடு அந்த ஓட்டம் ஓட முடியாது.

அப்போ குடிச்சதாலதான் ஜெயிச்சாங்களா?

இந்தத் தொகுப்பை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். இல்லை. அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தவர் டான் ஹாவ். ஆர்சனலில் மேனேஜராகவும் இங்கிலாந்து அணியில் பயிற்சியாளராகவும் இருந்தவர், அப்போது கூல்டுக்குத் துணை. எதிரணியைப் பிரித்து மேய்வதில் கெட்டிக்காரர்.

அந்த வருஷம் லிவர்பூலின் உயிர்நாடி இடப்பக்கத்தில் ஓடிய ஜான் பார்ன்ஸ். அவரிடம் பந்து போய்விட்டால் எதிரணியின் வலப்பக்கம் அன்றைக்குக் காலி. ஹாவ் என்ன செய்தார் என்றால், வழக்கமாக இடப்பக்கம் ஆடும் டென்னிஸ் வைஸை வலப்பக்கத்துக்கு மாற்றினார். அங்கே ஏற்கனவே டிஃபென்டர் கிளைவ் குட்இயர் இருக்கிறார். பார்ன்ஸ் திரும்பினால் ஒருவர், அவரைத் தாண்டினால் இன்னொருவர். ஆட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள், பந்தை விட்டுவிட்டு வைஸை மட்டும் கவனியுங்கள். தாக்கப் போகும் ஆள் மாதிரியே இருக்க மாட்டார். பார்ன்ஸுக்குப் பந்து வரும் வழியில் போய் நின்றுகொள்வதுதான் அவர் வேலை. பார்ன்ஸ் அன்றைக்கு மங்கலாகவே தெரிந்தார்.

பப் ராத்திரி உதவியிருக்கலாம், தூக்கத்துக்கு. அதோடு சரி. ஆனால் 'வலப்பக்கம் இரண்டு ஆள் போட்டார்கள்' என்று யாரும் கூட்டத்தில் சொல்வதில்லை. சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பப் கதைக்குக் கிடைக்கும் கைதட்டல் ஹாவின் திட்டத்துக்குக் கிடைக்காது.

ஆல்ட்ரிட்ஜ் பெனால்ட்டியை எப்படித் தவறவிட்டார்? சுலபமான பந்துதானே?

அவர் தவறவிட்டார் என்பதைவிடப் பீசன்ட் பாடம் படித்து வந்தார் என்று சொல்வதுதான் சரி. ஆல்ட்ரிட்ஜ் அந்த சீசனில் பெனால்ட்டிகளைத் தவறாமல் அடித்து வந்தவர். அவருக்கு ஒரு பழக்கம். ஓடி வரும்போது பந்துக்குச் சற்று முன்னால் ஒரு தயக்கம் காட்டுவார். அந்தக் கணத்தில் கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் அடித்துவிடுவார். கோல்கீப்பர் அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் கோல்கீப்பரின் இடப்பக்கம்.

வீடியோ பார்த்துப் பீசன்ட் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வெம்ப்ளியில் அந்தத் தயக்கம் வந்தபோது அவர் அசையவில்லை. ஆல்ட்ரிட்ஜ் அடித்தார், பீசன்ட் தன் இடப்பக்கம் முழு நீளத்துக்கு விழுந்து கையால் தள்ளிவிட்டார். வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஃபைனல்களில் பெனால்ட்டி தடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. சிறிது நேரத்தில் ஆல்ட்ரிட்ஜை வெளியே எடுத்துவிட்டார்கள்.

இதில் இன்னொன்று. அந்தப் பெனால்ட்டியையே கொடுத்திருக்கக் கூடாது. ரீப்ளேயில் குட்இயரின் கால் முதலில் பந்தைத்தான் தொடுகிறது. பீசன்ட் தடுத்ததால் நடுவருக்கும் ஒரு பெரிய தலைவலி மிச்சம்.

பியர்ட்ஸ்லி கோல் போட்டாரே, அதை ஏன் கொடுக்கல?

சான்செஸ் கோலுக்குச் சற்று முன்னால் நடந்தது அது. லிவர்பூலின் பீட்டர் பியர்ட்ஸ்லி பந்தோடு போகும்போது விம்பிள்டனின் ஆண்டி தார்ன் அவரைத் தள்ளினார். நடுவர் பிரையன் ஹில் உடனே விசில் ஊதிவிட்டார். பியர்ட்ஸ்லி விழாமல் சமாளித்து, பீசன்ட்டின் தலைக்கு மேல் அழகாகத் தூக்கி வலையில் போட்டார். விசில் முன்பே வந்துவிட்டதால் கோல் செல்லாது, ஃப்ரீ கிக் மட்டும். தப்பு செய்த அணிக்கே லாபம் போகும்படி ஆகிவிட்டது. ஒரு நொடி பொறுத்திருந்தால் 1-0 லிவர்பூல் பக்கம்.

விம்பிள்டன் ரசிகர்கள் பெனால்ட்டியைச் சொல்வார்கள், லிவர்பூல் ரசிகர்கள் இதைச் சொல்வார்கள். நடுவரின் பிழைகள் இரண்டு பக்கமும் சமமாக விழுந்த ஆட்டம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். லிவர்பூல்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கோப்பை ஜெயிச்சும் ஐரோப்பாவுல ஏன் ஆடல?

1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்களின் வன்முறையில் 39 பேர் இறந்த துயரத்துக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்புகள் எல்லாவற்றுக்கும் ஐரோப்பியப் போட்டிகளில் தடை. 1990 வரை அது நீடித்தது. விம்பிள்டனுக்கு அந்தத் துயரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் வாய்ப்புப் போயிற்று.

அந்தக் காலத்துல எல்லா டீமும் இப்படித்தான் குடிச்சாங்களா? ஏன் யாரும் தட்டிக் கேட்கல?

எல்லோரும் என்று சொல்ல முடியாது, ஆனால் குடிக்காதவரைத்தான் விநோதமாகப் பார்த்தார்கள். பயிற்சி காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். கையில் காசு, எதிரே நீண்ட பொழுது, இருபது வயது. பிரச்சினை இங்கேதான் ஆரம்பம். 1988 ஆகஸ்டில் சட்டம் மாறும் வரை இங்கிலாந்தில் பப்புகளை மத்தியானம் சில மணி நேரம் கட்டாயம் மூட வேண்டும். அதனால் அடித்தால் மூடுவதற்குள் அவசர அவசரமாக அடிப்பது, பிறகு உறுப்பினர்கள் மட்டும் போகும் கிளப்பைத் தேடுவது என்று ஒரு ஓட்டம் ஓடியது.

மேனேஜர்களும் பழைய ஆட்டக்காரர்களே. சேர்ந்து குடித்தால் சேர்ந்து ஆடுவார்கள் என்று நம்பினார்கள். பயிற்சியில் வேர்வையாக வெளியே வந்துவிடும் என்றும் நம்பினார்கள். டாட்டன்ஹாம் ஆட்டக்காரர்களின் மார்பில் 1983 முதல் பல வருஷம் ஹோல்ஸ்டன் பீர் விளம்பரம். பிறகு பிரீமியர் லீக்கே 'கார்லிங் பிரீமியர்ஷிப்' ஆனது, அதுவும் பீர். இடையில் 1982 முதல் 1986 வரை லீக் கோப்பைக்குப் பால் வாரியம் பணம் கொடுத்ததால் அதன் பேர் 'மில்க் கோப்பை'. அதை ஜெயித்தவர்கள் பால் குடித்துக் கொண்டாடியிருப்பார்கள் என்று யாரும் நம்ப வேண்டாம்.

ஆர்சனல்ல 'டியூஸ்டே கிளப்'னு ஒன்னு இருந்துச்சாமே?

ஜார்ஜ் கிரஹாம் மேனேஜராக இருந்த காலம். வாரத்தின் நடுவில் ஆட்டம் இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை பயிற்சியில் முதுகை ஒடித்துவிடுவார், புதன்கிழமை விடுமுறை. ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்: செவ்வாய் மத்தியானம் முதல் வியாழன் காலை வரை கேட்பார் இல்லை. கேப்டன் டோனி ஆடம்ஸ், பால் மெர்சன் எல்லாம் அதில் முக்கியப் புள்ளிகள். இதே அணி 1989இலும் 1991இலும் லீக் ஜெயித்தது, 1991இல் ஒரே ஒரு தோல்வியோடு. 'குடித்தாலும் ஜெயிக்கலாம்' என்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள்.

அதே 1990-91 சீசனின் நடுவில் ஆடம்ஸ் எங்கே இருந்தார் என்று அவர்களிடம் கேளுங்கள். சிறையில். குடித்துவிட்டுக் கார் ஓட்டி மோதியதற்காக 1990 டிசம்பரில் நான்கு மாதத் தண்டனை வாங்கி, அதில் பாதியை உள்ளே கழித்தார். 1994இல் மெர்சன் குடி, சூதாட்டம், கொக்கெயின் என்று எல்லாவற்றையும் வெளியே சொல்லி அழுதார். 1996 செப்டம்பரில் ஆடம்ஸ் தானும் ஒரு குடிநோயாளி என்று அறிவித்தார். சில வாரங்களில் புது மேனேஜராக ஆர்சென் வெங்கர் வந்து சேர்ந்தார், சாப்பாட்டுத் தட்டு முதல் எல்லாம் மாறியது. குடியை விட்ட ஆடம்ஸ் 1998 மே மாதம் எவர்ட்டனுக்கு எதிராக நாலாவது கோலை இடது காலால் அடித்து லீக்கை உறுதி செய்தார். அந்த வருஷம் எஃப்.ஏ. கோப்பையும் அவர்களுக்கே. குடிக்கும் ஆடம்ஸ், குடிக்காத ஆடம்ஸ் இருவரும் ஜெயித்தார்கள். ஆனால் முதல் ஆடம்ஸ் இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் இரண்டாமவர் இருந்திருக்கவே மாட்டார்.

ஃபெர்குசன் ஒயிட்சைடையும் மெக்ராத்தையும் குடிக்காகத்தானே விரட்டினார்? அவர் செஞ்சது சரியா?

முதலில் அவர்களுடைய பெரிய நாள். 1985 மே 18, எஃப்.ஏ. கோப்பை ஃபைனல். எவர்ட்டன் லீக் சாம்பியன், மூன்று நாள் முன்புதான் ஐரோப்பாவில் கோப்பை வென்றவர்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் கெவின் மோரன் பீட்டர் ரீடை இடறிவிட்டு வெளியேற்றப்பட்டார். எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் அப்படி வெளியேற்றப்பட்ட முதல் ஆள். பத்துப் பேரோடு கூடுதல் நேரத்தில் நார்மன் ஒயிட்சைட் வலப்பக்கம் பந்தை எடுத்து, உள்ளே வெட்டி, டிஃபென்டரையே திரையாக வைத்து இடது காலால் சுருட்டி அடித்தார். எவர்ட்டன் கோல்கீப்பர் நெவில் சவுத்தாலுக்குப் பந்து தெரிந்தபோது அது வலையில் இருந்தது. யுனைடெட்டின் தடுப்பில் மலையாக நின்றவர் பால் மெக்ராத்.

இருவரும் சேர்ந்தால் பாட்டில் தாங்காது என்பது ஊரறிந்த விஷயம். 1986 நவம்பரில் யுனைடெட் மேனேஜராக வந்த ஃபெர்குசன் 1989இல் இருவரையும் விற்றார். பிறகு நடந்ததுதான் குழப்பம். ஒயிட்சைட் எவர்ட்டனுக்குப் போய் 26 வயதில் ஓய்வு பெற்றார். அவரை முடித்தது முழங்கால், சின்ன வயதிலிருந்தே இருந்த காயம். பிற்பாடு படித்துப் பாத மருத்துவர் ஆனார். மெக்ராத் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். முழங்கால் பயிற்சிக்கே தாங்காத நிலை, குடியும் போகவில்லை. அப்படியும் 1993இல் சக ஆட்டக்காரர்கள் அவரைத்தான் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபெர்குசன் அணியின் பழக்கத்தை மாற்றியது சரி, மெக்ராத்தின் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தது தப்பு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜார்ஜ் பெஸ்ட் ராத்திரி முழுக்க ஊர் சுத்திட்டு வந்து ஆறு கோல் போட்டாராமே?

மான்செஸ்டர் யுனைடெட்டுக்காகப் பெஸ்ட் போட்ட ஆறு கோல் உண்மை. 1970 பிப்ரவரி 7, எஃப்.ஏ. கோப்பை ஐந்தாம் சுற்று, நார்த்தாம்ப்டன் டவுனின் மைதானம், முடிவு 8-2. அவருக்கு அது தடையிலிருந்து திரும்பி வந்த முதல் ஆட்டம். நடுவர் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டதற்காக நாலு வாரம் உட்காரவைத்திருந்தார்கள். பசியோடு இருந்தவர் வெளுத்துவிட்டார் என்பதே போதுமான விளக்கம். முந்தின ராத்திரியைப் பற்றிய கதைகள் சொல்பவரைப் பொறுத்து மாறுகின்றன. பப் பற்றிய பதிலில் சொன்ன வீக்கம் இங்கேயும் உண்டு.

அவர் யுனைடெட்டை விட்டுப் போனபோது வயது 27. 2002இல் கல்லீரல் மாற்று அறுவை, 2005 நவம்பரில் மரணம், வயது 59. ஆறு கோல் கதையை ரசித்துச் சொல்பவர்கள் இந்த வருஷங்களையும் கூடவே சொன்னால் நன்றாக இருக்கும்.

காஸ்கோய்னோட முட்டி உடைஞ்சது ஃபைனல்லயா, நைட்கிளப்லயா?

இரண்டிலும். கேட்பவர்கள் பாதிப் பேருக்கு ஒன்று மட்டும் தெரியும். 1991 ஏப்ரலில் வெம்ப்ளியில் அரையிறுதி, டாட்டன்ஹாமுக்கு எதிரே மேலே சொன்ன அதே ஆர்சனல். ஐந்தாம் நிமிஷம் வெகு தூரத்திலிருந்து காஸ்கோய்ன் அடித்த ஃப்ரீ கிக் ஆர்சனல் கோல்கீப்பர் டேவிட் சீமனின் கையையும் மீறி மூலையில் ஏறியது. டாட்டன்ஹாம் 3-1. ஆர்சனலின் டபுள் கனவு அங்கே உடைந்தது.

ஃபைனலில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். ஆரம்பத்திலேயே தலைகால் புரியாத வேகத்தில் ஆடிய காஸ்கோய்ன், கேரி சார்ல்ஸ் மேல் பாய்ந்து தன் முழங்கால் தசைநாரையே கிழித்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரில் போனார். அணி 2-1 என்று ஜெயித்தது. அதிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோதுதான், அதே வருஷம், நியூகாசிலில் ஒரு நைட்கிளப் தகராறில் அதே காலின் முட்டிச்சில்லை உடைத்துக்கொண்டார். இத்தாலியின் லாசியோ அணிக்குப் போவது 1992க்குத் தள்ளிப்போனது. முதல் காயம் ஆட்டவெறியால் வந்தது, அதற்குக் குடியைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவதைத்தான் ராத்திரி வாழ்க்கையின் கணக்கில் எழுத வேண்டும்.

இந்தக் கதைகளை எவ்வளவுதான் நம்பறது?

சொல்பவர் யார், எங்கே சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களுக்கு விருந்துக்குப் பின் மேடையில் பேசுவது ஒரு தொழில். அந்தத் தலைமுறைக்கு இன்றைய சம்பளம் கிடையாது, கதைதான் பென்ஷன். சிரிப்பு வரும் இடத்தில் ஒரு பைண்ட் பீர் கூடும், அடுத்த மேடையில் இன்னொன்று. யாரையும் ஏமாற்றும் நோக்கம் அதில் இருக்க வேண்டியதில்லை, சொல்லிச் சொல்லி அவர்களே நம்பியிருப்பார்கள்.

நான் பார்ப்பது இது: தேதி, எதிரணி, ஸ்கோர் மூன்றும் பொருந்துகிறதா? அந்த ராத்திரியில் இருந்த இன்னொருவரும் அதையே சொல்கிறாரா? கூல்டின் பப் கதை இதில் தேறுகிறது. 'அன்று ராத்திரி குடித்தேன், மறுநாள் மூன்று கோல்' என்ற ரகக் கதைகள் பல, ஆட்டப் பட்டியலை எடுத்த உடனே ஒரு கோலாகக் குறைகின்றன, சிலவற்றில் அவர் ஆடவே இல்லை. இன்னொன்று, தோற்ற ஆட்டத்துக்கு முந்தின ராத்திரியைப் பற்றி யாராவது மேடையில் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? அந்த ராத்திரிகளிலும் பப் திறந்துதான் இருந்தது.

இப்ப இருக்கிற ஆட்டக்காரங்க இப்படிச் செய்ய முடியுமா?

கஷ்டம். பயிற்சியில் முதுகில் கட்டிய கருவி எவ்வளவு ஓடினார் என்று காட்டிக்கொடுக்கும். தெருவில் போகிறவர் கையில் கேமரா. எஃப்.ஏ. கோப்பை ஜெயித்தவர்களுக்கு மைதானத்தில் கொடுக்கும் ஷாம்பெயின்கூட இப்போது ஆல்கஹால் இல்லாதது. மீறுகிறவர்கள் இன்றும் உண்டு, மறுநாள் காலைக்குள் பிடிபட்டுவிடுகிறார்கள்.

விம்பிள்டன் அப்புறம் என்ன ஆச்சு? அந்த 1988 கோப்பை இப்ப எந்த டீம் கணக்குல?

1991இல் பிளவ் லேனை விட்டு, கிரிஸ்டல் பேலஸின் மைதானத்தில் வாடகைக்குப் போனார்கள். பிறகு உரிமையாளர்கள் அணியை 2003இல் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அது அடுத்த வருஷம் எம்.கே. டான்ஸ் ஆனது. இதை ஏற்காத ரசிகர்கள் 2002இலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற சொந்த அணியைத் தொடங்கி அடிமட்டத்திலிருந்து ஏறினார்கள். 2011இல் ஃபுட்பால் லீக்குக்குள் வந்தார்கள், 2020 நவம்பரில் பிளவ் லேனிலேயே கட்டிய புது மைதானத்துக்குத் திரும்பினார்கள்.

கோப்பை விஷயத்தில் சட்டப்படியான வாரிசு மில்டன் கீன்ஸ் அணிதான் என்று சிலர் வாதாடுவார்கள். ஆனால் அவர்களே 2007இல் பழைய விம்பிள்டனின் நினைவுப் பொருள்களையும் வெற்றிகளுக்கான உரிமையையும் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆக 1988 அந்த ஊருக்குச் சொந்தம். 2015 ஜனவரியில் ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்கு எஃப்.ஏ. கோப்பைக் குலுக்கலில் வந்த எதிரி லிவர்பூல். ஸ்டீவன் ஜெரார்ட் இரண்டு கோல் போட்டார், லிவர்பூல் 2-1.